கத்தரிக்காயில் முளைத்த முதலை வால்

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் எழுதிக்கொண்டிருக்கும் விளையாட்டில், பறித்து முடித்த கத்தரிக்காயின் மேல் முதலை வால் முளைத்தது. ஊதாக் காயின் காம்பு இருந்த இடத்தில் பச்சையாக ஒரு வால். நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் நின்றுவிட்டு மறைந்துவிடும். கண் இமைத்தால் தவறிப்போகும். ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன்பிறகு அந்த விளையாட்டில் வேறு எதையும் பார்க்க மனம் ஒப்பாது. அந்த வாலைத் துரத்திப் பிடித்த கதையை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டிபக்கர் என்ற கருவியை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

விளையாட்டு நடப்பது எங்கள் வேலூர்க் கோட்டையில். கோட்டையை வைத்துக் கதை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் 1806 ஜூலை 10ஆம் தேதிச் சிப்பாய்ப் புரட்சியைத்தான் எடுப்பார்கள். இவன் எடுத்துக்கொண்டது முள்ளு கத்தரிக்காயை. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் அந்தக் காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அப்போதே மனத்தில் விழுந்த எண்ணமாம். கோட்டை மதில்மேல் ஒரு சிறுவன் ஓடுகிறான். அங்கங்கே இருக்கும் கத்தரிக்காய்களைப் பறிக்கிறான். கீழே அகழியில் முதலைகள் நீந்துகின்றன, நேரம் பார்த்துத் துள்ளி எழுகின்றன. அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று கேட்டு வளராத பிள்ளை வேலூரில் கிடையாது. மதிலின் கருங்கல் அடுக்கை வரைவதற்காகக் கோட்டைக்கே போய் உட்கார்ந்து பார்த்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விழும் நிழலை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களுக்குள் கொண்டுவந்திருக்கிறான். அந்தக் கல் வேலையைத் திரையில் பார்த்தபோதே இந்த விளையாட்டு குறையில்லாமல் வெளிவர வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவன் இதை எழுதுவது 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்துக்காக. அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் நகல்களைத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று கடைகளில் விற்றார்களே, கேசட்டைச் செருகி விளையாடும் பெட்டி, அதுதான். உள்ளே இருப்பது 6502 குடும்பத்துச் செயலி. ரிக்கோ நிறுவனம் செய்தது. நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் கடிகாரச் சுழற்சிகள். வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். இன்று ஒரு குறுஞ்செய்திப் படத்துக்குக்கூடப் போதாத இந்த இடத்துக்குள் கோட்டையையும் அகழியையும் முதலையையும் அடைக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் செயலியின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழியில்தான் எழுதுவார்கள். அவன் எழுதுகிறான், நன்றாகவே எழுதுகிறான். ஓட்டிப் பார்ப்பது, கணினியிலேயே அந்தப் பெட்டியைப்போல நடந்துகொள்ளும் மெசென் என்ற எமுலேட்டரில். அதற்குள்ளேயே டிபக்கரும் உண்டு.

ஸ்பிரைட் என்றால் பின்னணிக்கு மேலே தனியாக நகரும் சிறு படம். இந்த இயந்திரத்தில் ஒரே நேரத்தில் 64 ஸ்பிரைட்டுகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்: முதலாவது செங்குத்து நிலை, இரண்டாவது எந்த டைலை, அதாவது எந்தச் சிறு படத்துண்டை, வரைய வேண்டும் என்ற எண், மூன்றாவது வண்ணத் தொகுப்பு முதலிய குணங்கள், நான்காவது கிடை நிலை. ஆக மொத்தம் 256 பைட். இந்தப் பட்டியல் படம் வரையும் சில்லுக்குள் தனி நினைவகத்தில் இருக்கிறது. அதில் நேரடியாகக் கைவைப்பது சிரமம் என்பதால், எல்லோரும் செய்வதுபோலத் தம்பியும் சாதாரண நினைவகத்தில் $0200 முகவரியிலிருந்து ஒரு நகலைத் தயார் செய்கிறான். பிறகு $4014 என்ற முகவரியில் ஒரு எண்ணை எழுதினால், 256 பைட்டும் மொத்தமாகச் சில்லுக்குள் போய்விடும். அதற்கு 513 அல்லது 514 சுழற்சி ஆகும். பழைய தொலைக்காட்சியில் படத்தை வரையும் கதிர் திரையின் அடிவரை வரைந்து முடித்து மேலே திரும்பும் சிறு இடைவேளைக்குள் இதைச் செய்தாக வேண்டும். இடைவேளை தொடங்கியதும் செயலியை இயந்திரம் தானாகவே தட்டி எழுப்பும். அந்த இன்டரப்டுக்கு என்எம்ஐ என்று பெயர். செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுச் செயலி அதைக் கவனிக்க ஓடும். கவனித்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பும்.

தம்பியின் விளையாட்டில் ஓடும் சிறுவனுக்கு 8 ஸ்பிரைட், ஒரு கத்தரிக்காய்க்கு மேலும் கீழுமாக 2, ஒரு முதலைக்கு 8. இந்த வரிசையில்தான் பட்டியலில் நிரப்புகிறான். இது பின்னால் தேவைப்படும்.

வால் பிழையை முதலில் காட்டியபோது அவன் ஒரு விளக்கத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தான். “அக்கா, ஒரே வரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு மேல் வந்தால் இந்த மெஷின் குழம்பிவிடும் இல்லையா? அதுதான் இது” என்றான். எட்டு என்ற வரம்பு உண்மைதான். பழைய டிவி கேம்களில் எதிரிகள் கூடும்போது உருவங்கள் மினுக்கியதற்கு அதுவே காரணம். ஆனால் வரம்பு மீறினால் திரையில் நடப்பது ஒன்றே ஒன்று: ஒன்பதாவது ஸ்பிரைட் அந்த வரியில் வரையப்படாது. காணாமல் போகும், வேறு இடத்தில் போய் நிற்காது. அகழியில் இருக்கவேண்டிய வால் மதில்மேல் வந்து நிற்பதை அந்த வரம்பால் விளக்க முடியாது. கேள்விப்பட்ட காரணம் ஒன்று கையில் தயாராக இருந்தால், கண்முன் நடப்பது அதற்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமலே அதை மாட்டிவிடுகிறோம். என் தொழிலிலும் இதைத் தினமும் பார்க்கிறேன்.

அவன் கவனித்து வைத்திருந்த இன்னும் இரண்டு விஷயங்கள் விலைமதிப்பற்றவை. கத்தரிக்காய் பறித்துச் சேர்க்கும் புள்ளிகள் ஐயாயிரத்தை ஒட்டி வரும்போதுதான் வால் முளைக்கிறது; அதைத் தாண்டிப் போய்விட்டால் மறுபடி ஒழுங்காகிவிடுகிறது. இது முதலாவது. திரையின் மூலையில் ஒரு எண்ணைக் காட்டிக் காரணம் தேடலாம் என்று நாலைந்து வரி சேர்த்தானாம், உடனே பிழை அதே இடத்தில் வராமல் போயிற்றாம். எடுத்துவிட்டால் திரும்ப வந்தது. இது இரண்டாவது. “எமுலேட்டரில்தான் கோளாறு” என்று அவன் முடிவு கட்டியிருந்தது இதனால்தான். எனக்கோ இதைக் கேட்டதும் நேரம் சம்பந்தப்பட்ட பிழை என்ற சந்தேகம் பலமாக வந்தது. நான்கு வரி கூடினால் ஓட்டத்தின் நேரம் நகர்கிறது, நேரம் நகர்ந்தால் பிழையும் நகர்கிறது.

ஆனாலும் சந்தேகத்தை அவனிடம் சொல்லவில்லை. நிரலைத் திறக்கவும் விடவில்லை. நிரலைப் படிக்கும்போது நாம் படிப்பது அதில் என்ன எழுத நினைத்தோம் என்பதைத்தான். இயந்திரம் என்ன செய்தது என்பது அங்கே எழுதியிருக்காது. முதலில் இயந்திரத்தைக் கேட்போம், நிரலுக்குப் பிறகு வருவோம் என்றேன்.

அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். சத்துவாச்சாரியில் மே மாத வெயில் இறங்கினபிறகும் தரை கொதிக்கும். அவனுடைய ஆயா தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். ஐயாயிரத்துக்குச் சற்று முன்னால் வரை அவன் விளையாடினான். வால் முளைத்தது. மெசெனில் ஓட்டத்தைப் பின்னோக்கி நகர்த்தலாம். கொஞ்சம் பின்னால் போய், ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படமாக முன்னால் வந்து, வால் நிற்கும் அந்த ஒரே ஃபிரேமில் நிறுத்தினோம். அசையாமல் நின்ற படத்தை நன்றாகப் பார்க்கச் சொன்னேன். கீழே அகழியில் முதலை முழுசாக இருந்தது. அதன் வால் அதனிடமே இருந்தது. அவன் இத்தனை நாள் முதலையின் வால் பிய்ந்து மேலே போகிறது என்று நினைத்திருந்தான். உண்மையில் வால் இரண்டாகியிருந்தது. நகர்வில் கண்டது ஒன்று, நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது வேறு. இன்னொன்றும் தெரிந்தது: பறித்துவிட்ட கத்தரிக்காயின் கீழ்ப்பாதி இன்னும் மதில்மேலேயே இருந்தது. மேல்பாதியின் இடத்தில்தான் வால்.

மெசெனில் 64 ஸ்பிரைட்டுகளையும் வரிசையாகக் காட்டும் பலகை ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 0 முதல் 7 வரை ஓடும் சிறுவன். 8ஆவது ஸ்பிரைட்டைத் தொட்டோம். அதன் நான்கு பைட்டுகள்: 87, 64, 1, 120.

இந்த நான்கு எண்களிடம் நான் அன்றைக்கு நின்ற நேரம் அதிகம். 87 என்ற செங்குத்து நிலை மதிலுடையது. திரையின் மேலிருந்து எண்ணுவதால், அகழியில் இருக்கும் எதற்கும் இந்த எண் 160க்குக் குறையாது. 120 என்ற கிடை நிலை, பறித்த கத்தரிக்காய் இருந்த இடம். ஆனால் 64 என்பது முதலை வாலின் டைல் எண். கத்தரிக்காயின் மேல்பாதிக்கு 32. வண்ணத் தொகுப்பு 1 முதலையின் பச்சை. கத்தரிக்காயின் ஊதாவுக்கு 2. நடுவில் இருக்கும் இரண்டு பைட்டும் முதலையுடையவை, ஓரத்தில் இருக்கும் இரண்டும் கத்தரிக்காயுடையவை. கணக்குத் தப்பியிருந்தால் எண்கள் எதற்கும் பொருந்தாமல் கிடந்திருக்கும். இங்கே ஒவ்வொரு எண்ணும் தன்னளவில் சரி. இரண்டு சரியான பதில்கள் பாதிப்பாதியாக ஒட்டியிருக்கின்றன. கத்தரிக்காய் போனபின் அந்த இடத்துக்கு முதலை முன்னேறி வரவேண்டும், வரும் வழியில் பாதியிலேயே யாரோ படம் எடுத்துவிட்டார்கள்.

“$0220ஐப் பார்” என்றேன். எட்டாவது ஸ்பிரைட்டின் நகல் அங்கேதான் இருக்கிறது. $0200உடன் முப்பத்திரண்டு பைட் தள்ளி. (டாலர் குறி போட்டவை பதினாறை அடியாகக் கொண்ட எண்கள்; அந்தக் கணக்கில் முப்பத்திரண்டை 20 என்று எழுதுவோம்.) அவன் நினைவகப் பலகையைத் திறந்தான். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வாலின் டைல், வாலின் நிறம், வாலின் சரியான இடம். “பாருங்கள் அக்கா, நான் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது” என்றான். குரலில் நிம்மதியும் எரிச்சலும் கலந்திருந்தன. அவன் வாரக்கணக்கில் முட்டி நின்ற சுவர் இதுதான். ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு $0200 பக்கத்தைப் பார்ப்பான், அங்கே தப்பு இருக்காது. மூலம் சரி, நகல் தப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டுமானால், நகலெடுத்த நொடியில் மூலம் இப்போது இருப்பதுபோல் இருந்திருக்கக் கூடாது. ஆகவே நாம் நிற்கவேண்டிய இடம் இந்த ஃபிரேமின் முடிவு கிடையாது, $4014இல் எழுதும் கணம்.

டிபக்கரில் ஒரு முகவரியைக் குறிப்பிட்டு, அங்கே எப்போது எழுதினாலும் நிறுத்து என்று சொல்ல முடியும். அதுதான் பிரேக்பாயிண்ட். $4014க்கு அப்படி வைத்தால் நொடிக்கு அறுபது முறை நிற்கும், விளையாடவே முடியாது. அதனால் நிபந்தனை சேர்த்தோம்: $0221இல் இருக்கும் எண் 64 ஆகவும், $0220இல் இருக்கும் எண் 120க்குக் குறைவாகவும் இருந்தால் மட்டும் நில். தமிழில் சொன்னால், வாலுக்கான டைல் மதில் உயரத்தில் இருக்கும்போது மட்டும் என்னைக் கூப்பிடு. இப்படிக் கேள்வி கேட்க முடிவதுதான் டிபக்கரின் பெருமை என்பேன். வரிவரியாக நகர்ந்து பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் பலத்தில் பாதியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். என்ன நடந்தால் தப்பு என்பதைத் துல்லியமாக ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், காவல் காக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடலாம்.

அவன் பழைய இடத்திலிருந்து மறுபடி ஓட்டினான். கடைசிக் கத்தரிக்காயைப் பறித்தான். நின்றது.

இப்போது $0220இல் 87, 64, 1, 120. சில்லுக்குள் பார்த்த அதே நான்கு எண்கள், இந்த முறை மூலத்திலேயே. அடுத்த கேள்வி: இந்தக் கணத்தில் செயலி எங்கிருந்து இழுத்துவரப்பட்டது? என்எம்ஐ வந்தால் செயலி தான் திரும்பவேண்டிய முகவரியை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைத்துவிட்டுத்தான் வரும். டிபக்கர் அந்த முகவரியை அவன் வைத்த பெயரோடு காட்டியது: முதலை வரையும் பகுதி. உள்ளே போய் எந்த வரி என்று பார்த்தோம். அவன் ஒவ்வொரு ஸ்பிரைட்டுக்கும் முதலில் டைலை எழுதுகிறான், பிறகு குணத்தை, பிறகு கிடை நிலையை, கடைசியில் செங்குத்து நிலையை. குணத்தை எழுதி முடித்து, கிடை நிலையைக் கணக்கிடத் தொடங்கும் வரியில் செயலி நிற்கிறது. இரண்டு பைட் எழுதியாயிற்று, இரண்டு பாக்கி.

தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மெதுவாக, “நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டு போய்விட்டது” என்றான்.

அதேதான். அவனுடைய என்எம்ஐ பகுதி ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்காமல் $4014இல் எழுதிவிடுகிறது. வரைந்து முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை. காட்பாடியில் ரயில் கிளம்புவதைப்போல. ஒரு கால் பெட்டியிலும் ஒரு கால் நடைமேடையிலும் இருந்தாலும் நேரமானால் வண்டி நகர்ந்துவிடும். வேலை எல்லாம் ஒரு ஃபிரேமுக்குள் முடியும்வரை இதில் ஆபத்து இல்லை. முடியாத அன்றைக்குத்தான் வால் முளைக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அங்கே பிரேக்பாயிண்ட் வைத்தால் செயலி நிற்கும், மோட்டார் நிற்காது. உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். எதை நிறுத்தினால் ஆபத்து என்று யோசித்து யோசித்துத்தான் கைவைக்க முடியும். நேரப் பிழையை அங்கே பிடிப்பதற்குள் உயிர் போய்விடும், ஏனென்றால் நிறுத்துவதே நேரத்தை மாற்றிவிடுகிறது. எமுலேட்டரில் அந்தத் தொல்லை கிடையாது. செயலி, படச் சில்லு, கதிர், ஒலி எல்லாம் சேர்ந்து உறைகின்றன, சேர்ந்து விழிக்கின்றன. ஒரு சுழற்சிகூட நகர்வதில்லை. அதே பொத்தான்களை அதே கணத்தில் அழுத்தினால் அதே வால் அதே ஃபிரேமில் முளைக்கும். மூலையில் எண் காட்டப் போனதால் நகர்ந்த பிழை, டிபக்கரால் நிறுத்தியபோது நகராததற்கு இதுவே காரணம். பிழை தேடக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை நான் இந்தப் பழைய இயந்திரங்களின் பக்கம் அனுப்புவதற்கும் இதுவே காரணம். இவ்வளவு தெளிவான கண்ணாடி வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆனால் ஏன் ஐயாயிரம்? அதைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க எனக்கு மனமில்லை. ஒரு பிழையின் இடம் தெரிந்துவிட்டது என்று விட்டுவிட்டால், அவன் கவனித்துச் சொன்ன விஷயம் பதிலில்லாமல் நிற்கும். பதிலில்லாமல் நிற்கும் ஒவ்வொரு விஷயமும் நாம் புரிந்துகொண்டது அரைகுறை என்பதன் அடையாளம்.

ஒரு ஃபிரேமுக்குச் செயலிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 29,780 சுழற்சி. டிபக்கர் சுழற்சிகளையும் எண்ணிக் காட்டும். சாதாரண ஃபிரேமில் அவனுடைய மொத்த வேலையும் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்துகொண்டிருந்தது. கத்தரிக்காயைப் பறிக்கும் ஃபிரேமில் மட்டும் அது விண்ணென்று ஏறியது. காரணம் புள்ளிக் கணக்கு. புள்ளிகளை ஒரே எண்ணாக வைத்திருக்கிறான்; திரையில் காட்ட அதை இலக்கம் இலக்கமாகப் பிரிக்க வேண்டும். இந்தச் செயலிக்கு வகுக்கத் தெரியாது. அதனால் பத்தைக் கழித்துக்கொண்டே போய், எத்தனை முறை கழித்தோம் என்று எண்ணுகிறான். ஒரு முறை கழிக்க முப்பத்து மூன்று சுழற்சி வாக்கில் ஆகிறது. 4,900 புள்ளி என்றால் முதலில் 490 முறை, அடுத்த இலக்கத்துக்கு 49, பிறகு 4. மொத்தம் 543 முறை, கிட்டத்தட்ட 18,000 சுழற்சி. ஃபிரேமில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் வேலையைக் கூட்டினால், என்எம்ஐ வரும் நேரமும் ஸ்பிரைட் நிரப்பும் நேரமும் சரியாக முட்டிக்கொள்கின்றன.

புள்ளி இன்னும் கூடினால்? கழிக்கும் வேலை இன்னும் நீளும். என்எம்ஐ வரும்போது செயலி கழித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரைட்டுகளைத் தொட்டிருக்கவே செய்யாது. அப்போது போகும் நகல் முழுக்க முழுக்கப் பழையது. பழையது ஆனாலும் ஒழுங்கானது. ஒரு ஃபிரேம் தாமதம், அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாது. ஐயாயிரத்தைத் தாண்டினால் பிழை மறைவதன் ரகசியம் இதுதான். நிரப்பும் வேலைக்கு ஆகும் ஆயிரத்து ஐந்நூறு சுழற்சிதான் ஆபத்தான சன்னல். புள்ளியில் கணக்கிட்டால் 4,900 முதல் 5,300 வரை.

மூல 6502 செயலியில் பதின்மக் கணக்குக்கென்றே ஒரு வழி இருந்தது. எண்களை இலக்கமாகவே வைத்துக் கூட்டும். ரிக்கோ செய்த சில்லில் அது வேலை செய்யாது. அதனால் புள்ளியை ஒரு இலக்கத்துக்கு ஒரு பைட் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது இந்த இயந்திரத்தில் நல்ல வழக்கம். ஐம்பது புள்ளி சேர்க்க வேண்டுமானால் பத்துகளின் இலக்கத்தில் ஐந்தைக் கூட்டு, பத்தை எட்டினால் பத்தைக் கழித்துவிட்டு அடுத்ததில் ஒன்றைக் கூட்டு. நூறு சுழற்சியில் முடிந்துவிடும்.

இதைச் சொன்னதும் தம்பி உற்சாகமாகிவிட்டான். “அப்படியென்றால் புள்ளிக் கணக்கை மாற்றிவிட்டால் போதும், வால் போய்விடும்” என்றான். போகும் என்பது உண்மை. ஆனால் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. புள்ளிக் கணக்கு செய்தது தாமதம் மட்டும்தான். பாதி எழுதிய பட்டியலை அள்ளிக்கொண்டு போனது வேறொரு பகுதி. தாமதத்தை நீக்கினால் அள்ளுகிறவன் அப்படியே இருப்பான். நாளைக்கு மூன்றாவது முதலையைச் சேர்க்கும்போது, நாலாவது கட்டத்தில் மழை பெய்யவைக்கும்போது, வேறு ஏதோ ஒன்று தாமதமாகும், வால் வேறொரு உருவத்தில் வரும். அப்போது எல்லோரும் மழையைச் சந்தேகிப்பார்கள். வேலையிடத்தில் இப்படி மறைக்கப்பட்ட பிழைகள் வேறு இயந்திரத்தில், வேறு ஊரில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அள்ளுகிறவனைத் திருத்து, பிறகு வேகத்தைப் பார் என்றேன். ஏற்றுக்கொண்டான்.

திருத்தம் சிறியது. ஒரு பைட்டைக் கொடியாக வைத்துக்கொண்டான். ஸ்பிரைட்டுகளை நிரப்பத் தொடங்குமுன் கொடி இறங்கியிருக்கும். கடைசி ஸ்பிரைட்டும் எழுதி முடிந்தபின்தான் ஏறும். என்எம்ஐ வந்ததும் முதலில் கொடியைப் பார்க்கும். இறங்கியிருந்தால் $4014ஐத் தொடாது. சில்லுக்குள் இருக்கும் போன ஃபிரேமின் பட்டியலே இன்னொரு முறை வரையப்படும். இசையை நகர்த்தும் வேலை மட்டும் கொடியைக் கேட்காமல் ஒவ்வொரு முறையும் நடக்கும், இல்லாவிட்டால் படம் தாமதமாகும்போது பாட்டும் இழுக்கும்.

வால் முளைப்பது நின்றுவிட்டது. ஆனால் நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது; அவன் மூலையில் எண் காட்டியபோதும்தான் நின்றது. நாங்கள் சொல்லும் காரணம் உண்மை என்றால், அது இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கொடியை எடுத்துவிட்டுப் பழைய நிரலையே ஓட்டச் சொன்னேன். தாளில் கணக்குப் போட்டோம். கழிக்கும் வேலை இரண்டாவது ஃபிரேமையும் தின்னும் அளவுக்கு வளர்ந்தால், இரண்டாவது என்எம்ஐ நிரப்பும் வேலையோடு முட்ட வேண்டும். அது 12,600 புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த விளையாட்டில் அவ்வளவு புள்ளி யாரும் எடுத்ததில்லை. டிபக்கரின் நினைவகப் பலகையில் புள்ளியை நேரடியாக மாற்றி எழுதிவிட்டு அவன் ஓடத் தொடங்கினான். 12,600ஐத் தாண்டியதும் முதலை உருக்குலைந்தது. அடுத்த வரிசையின் கடைசிக் காயைப் பறித்தபோது வால் மதில்மேல் வந்தது.

அவன் கைதட்டிக் குதித்ததில் ஆயா கீழேயிருந்து என்ன என்று கேட்டார்கள். பிழை வந்ததற்கு இப்படி யாராவது மகிழ்வார்களா என்று அவர்களுக்குப் புரியவைக்க நேரமாயிற்று.

இன்னொரு சோதனையும் செய்தோம். மேலே சொன்ன 29,780 என்பது நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடும் இயந்திரத்துக்கான கணக்கு. ஐம்பது ஃபிரேம் தொலைக்காட்சிக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டிகளில் ஒரு ஃபிரேமுக்கு 262 வரிக்குப் பதில் 312 வரி, சுழற்சி 35,464. ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் விற்ற பெட்டி இந்த வகை. மெசெனில் அதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் சுழற்சியைக் கழித்தல் கணக்காக்கிப் பார்த்தால், வால் 4,900இல் வராமல் 6,400 சொச்சத்தில் வர வேண்டும். தேர்வை மாற்றி, புள்ளியை 4,900க்கு வைத்து ஓட்டினான். ஒன்றுமில்லை. 6,400க்கு மேல் வைத்து ஓட்டினான். வந்தது.

கொடியைத் திரும்பச் சேர்த்து, 4,900இலும் 6,400இலும் 12,600இலும் இரண்டு வகை இயந்திரத்திலும் ஓட்டினோம். எதிலும் பிரேக்பாயிண்ட் நிற்கவில்லை. புள்ளிக் கணக்கையும் அவன் இலக்கம் இலக்கமாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். $4014இல் வைத்த நிபந்தனையை அழிக்க வேண்டாம், கொஞ்சம் விரித்து எந்த முதலைத் துண்டு மதில் உயரத்தில் இருந்தாலும் நிற்கும்படி மாற்றி வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். துள்ளி எழும் முதலை சில சமயம் உண்மையாகவே மதில் உயரத்தைத் தொடுகிறது என்றும், நிபந்தனையில் அதற்கு விலக்கு வேண்டும் என்றும் நேற்று வந்து சொன்னான். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.